பழைய ஜப்பானிய நாணயங்களை அடையாளம் கண்டு ஆண்டைக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய ஜப்பானிய நாணயத்தைக் கையில் எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் எண்ணைத்தான் தேடுகிறார்கள். பிழையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எழுத்து எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பேரரசரின் ஆட்சியாண்டு, எந்த எண் மதிப்பைக் குறிக்கிறது, எந்த எண் ஆண்டைக் குறிக்கிறது என்பவை தெளிவாகும் முன் எண்ணைப் படித்தால், சரியாகப் படித்த எண்கூடத் தவறான ஆண்டையே தரும். கீழே உள்ள வரிசை இந்தக் காரணத்துக்காகவே அமைக்கப்பட்டது. ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய இருபது எழுத்துகளின் வடிவம் கண்ணுக்குப் பழகினால் போதும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு மின்தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், சிறு காந்தம், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு ஆகியவை வேண்டும். விளக்கை நேர் மேலே வைத்தால் தேய்ந்த எழுத்துகள் உலோகத்தோடு கலந்துவிடும். தாழ்வாகச் சாய்த்து வைத்தால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மேடும் நிழல் விழுத்தி எழுத்தைக் காட்டிக் கொடுக்கும்.

நாணயத்தைக் கழுவவோ, புளி போட்டுத் தேய்க்கவோ, பாலிஷ் போடவோ கூடாது. தேய்த்தால் எழுத்து துலங்கும் என்று தோன்றும். ஆனால் தேய்ந்த கோடுகளின் ஓரத்தில் தங்கியிருக்கும் கறுப்புதான் அந்த எழுத்தைப் படிக்க உதவுகிறது. அதை எடுத்துவிட்டால் எழுத்தும் போகும், சேகரிப்பவர் தரும் விலையும் பெருமளவு போகும்.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை முதல் கருவியாகக் கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய நாணயங்களில் எழுத்து வலமிருந்து இடமாக, பல வேளைகளில் வட்டமாக ஓடுகிறது. செயலிகள் அதை இடமிருந்து வலமாகப் படித்து, பொருளற்ற ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லிவிடும். கைப்பேசியால் உண்மையில் கிடைக்கும் பயன் வேறு: நாணயத்தைப் படம் எடுத்து, படத்தைச் சுழற்றிப் பார்க்கலாம்.

2. வார்ப்பா, அச்சா என்று பிரித்தல்

நடுவில் சதுரத் துளை கொண்ட, உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்த நாணயம் எடோ காலத்து (1603 முதல் 1868 வரை) மரபைச் சேர்ந்தது. அதில் ஆண்டு எழுதப்பட்டிருக்காது. இயந்திரத்தால் அச்சடித்த, கூர்மையான எழுத்தும் சீரான விளிம்பும் கொண்ட நாணயம் 1870 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டைத் தாங்கியது. ஒசாகா நாணயச்சாலை முறையாகத் திறக்கப்பட்டது 1871-இல் என்றாலும், அங்கே அச்சடித்த முதல் நாணயங்கள் மெய்ஜி 3 என்ற ஆண்டையே, அதாவது 1870-ஐயே தாங்குகின்றன.

இந்தப் பிரிவினையை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் படிக்கும் முறை வேறு. ஆண்டே இல்லாத நாணயத்தில் ஆண்டைத் தேடுபவர், கடைசியில் ஏதோ ஒரு கோட்டை எண்ணாக எடுத்துக்கொண்டுவிடுவார். வட்டத் துளை இருப்பதால் மட்டும் ஒரு நாணயம் பழையதாகிவிடாது: 1917 முதல் அச்சான 5 சென் (நூறு சென் ஒரு யென்), 1920 முதல் அச்சான 10 சென், இன்றும் புழங்கும் 5 யென், 50 யென் எல்லாவற்றிலும் வட்டத் துளை உண்டு. சதுரத் துளை நாணயம் உங்களிடம் இருந்தால் நேரே 9-ஆம் பகுதிக்குச் செல்லலாம்.

3. நாணயத்தை நிமிர்த்தி வைத்தல்

எழுத்து தலைகீழாக இருந்தால் அடுத்த எந்தப் படியும் சரியாக வராது. பதினாறு இதழ் சாமந்தி, ஜப்பானியப் பேரரசுச் சின்னம், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே அதைக் கொண்டு மேல் கீழ் அறிய முடியாது. கிரி எனப்படும் பௌலோனியாச் சின்னம் உதவும்: மூன்று இலைகள் கீழே விரிந்திருக்க, பூங்கொத்துகள் மூன்று மேல்நோக்கி நிற்கும். டிராகன் நாணயங்களில் ஆங்கில எழுத்து இருந்தால் அது நேராகத் தெரியும்படி வைத்தால் போதும்.

இவை எதுவும் இல்லாதபோது எழுத்தையே பாருங்கள். கைகளை அகல விரித்து, கால்களைப் பரப்பி நிற்கும் மனிதனைப் போன்ற எழுத்து ஒன்று போருக்கு முந்தைய நாணயங்களில் அடிக்கடி வரும். அதன் கால்கள் உங்களை நோக்கி இறங்க வேண்டும். இந்த எழுத்தை நினைவில் வையுங்கள். பின்னால் மிகுதியாகத் தொல்லை தரப்போவதும் இதுதான்.

4. ஆண்டு என்னும் எழுத்தைத் தேடுதல்

ஜப்பானிய நாணயத்தில் ஆண்டு எப்போதும் ஒரே வரிசையில் எழுதப்படும்: முதலில் ஆட்சிக் காலத்தின் பெயர் இரண்டு எழுத்து, அடுத்து எண், கடைசியில் ‘நென்’ என்ற எழுத்து. நென் என்றால் ஆண்டு. இந்தக் கடைசி எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் திசையும் தெரிந்துவிடும். ஏனெனில் அது எந்த முனையில் நிற்கிறதோ, வாசகம் அங்கேதான் முடிகிறது.

நென் எழுத்தின் வடிவம் இது. மேலே இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடு. அதன் கீழ் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கிடைக்கோடுகள். மூன்றையும் தொட்டு இறங்கும் ஒரு நெடுங்கோடு. மூன்றாவது கிடைக்கோடே மிக நீளமானது. நெடுங்கோடு அதையும் கடந்து கீழே வால்போல நீண்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் கோடுகளுக்கு இடையே இடப்புறத்தில் ஒரு குட்டைச் செங்கோடு இருக்கும். எவ்வளவு தேய்ந்த நாணயத்திலும் அந்த வாலும் நீளமான கிடைக்கோடும் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன.

போருக்கு முந்தைய நாணயங்களில் நென் இடப்புறம் நிற்கும். அதாவது வாசகம் வலமிருந்து இடமாக ஓடும். ஒரு யென் வெள்ளி டிராகன் நாணயத்தில் இது வட்டமாக அமைந்திருக்கிறது: வலப்பக்கத்தில் நாட்டின் பெயர் தொடங்கி, மேற்புறம் வழியாகச் சென்று, இடப்பக்கத்தில் ஆண்டாக முடிகிறது. 1948-க்குப் பிந்தைய நாணயங்களில் வாசகம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆனால் இந்த விதியை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு முறையும் நென் எழுத்தைக் கண்ணால் தேடுவதே நல்லது. எதிர்ப்புறத்திலிருந்து படிக்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அது போருக்குப் பிந்தைய நாணயங்களிலும் தொடரும்.

5. ஆட்சிக் காலத்தின் பெயரை அறிதல்

நென் எழுத்துக்கு எதிர்முனையில் உள்ள இரண்டு எழுத்துகள் ஆட்சிக் காலத்தைச் சொல்லும். 1870-க்குப் பிந்தைய பழைய நாணயங்களில் மூன்று பெயர்கள்தாம் வரும்: மெய்ஜி, தைஷோ, ஷோவா. ஹெய்செய், ரெய்வா இரண்டும் அண்மைக் காலத்தவை.

மெய்ஜியின் முதல் எழுத்து இரு பாதி கொண்டது. இடப்பாதி, நடுவே ஒரு கிடைக்கோடு ஓடும் செவ்வகம். வலப்பாதி, உள்ளே இரண்டு கோடுகளும் கீழே திறந்த இரண்டு கால்களும் உள்ள உயரமான சட்டம். இரண்டாம் எழுத்தின் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துளிகள் இருக்கும்.

ஷோவாவின் முதல் எழுத்திலும் இடப்பாதி அதே செவ்வகம்தான். வலப்பாதியில் மேலே வளைந்த கத்தி போன்ற கோடும், கீழே ஒரு சிறு பெட்டியும் இருக்கும். இரண்டாம் எழுத்தின் இடப்பக்கம் தண்டும் கிளையும் உள்ள செடியைப் போலிருக்கும். வலப்பக்கம் ஒரு வெற்றுப் பெட்டி.

தேய்ந்த நாணயத்தில் மெய்ஜியையும் ஷோவாவையும் புதியவர்கள் மாற்றிப் படிப்பது மிகப் பொதுவான பிழை. இரண்டும் ஒரே செவ்வகத்தில் தொடங்குவதே காரணம். ஆகவே முதல் எழுத்தை வைத்து முடிவு செய்யாமல், இரண்டாம் எழுத்தின் இடப்பக்கத்தை மட்டும் பாருங்கள். தனித்தனித் துளிகள் என்றால் மெய்ஜி. தண்டுடைய செடி என்றால் ஷோவா.

தைஷோவின் முதல் எழுத்து, மேலே சொன்ன கை விரித்த மனிதன். இரண்டாம் எழுத்து முழுக்க முழுக்க நேர்க்கோடுகளால் ஆனது: மேலே ஒரு கிடைக்கோடு, கீழே ஒரு கிடைக்கோடு, நடுவில் செங்கோடுகள், பெட்டியோ வளைவோ எதுவும் இல்லை.

இங்கேதான் அந்த மனிதன் தொல்லை தருகிறான். போருக்கு முந்தைய பெரும்பாலான நாணயங்களில் நாட்டின் பெயர் ‘தாய் நிப்பொன்’, அதாவது மாபெரும் ஜப்பான் என்று எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரும் இதே எழுத்தில்தான் தொடங்குகிறது. இதனால் மெய்ஜி நாணயங்களையும் ஷோவா நாணயங்களையும் தைஷோ என்று குறித்து வைக்கிறவர்களை ஓயாமல் பார்க்கலாம். தீர்வு எளிது: மனிதனுக்கு அடுத்த எழுத்து நடுக்கோடு உள்ள செவ்வகம் என்றால் அது நாட்டின் பெயர், அதை விட்டுவிடுங்கள். நென் எழுத்திலிருந்து பின்னோக்கி எண்ணைத் தாண்டி வரும்போது கிடைக்கும் இரண்டு எழுத்துகளே ஆட்சிக் காலம்.

6. எண்ணைப் படித்தல்

இப்போதுதான் எண். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே ஒன்று, இரண்டு, மூன்று கிடைக்கோடுகள். நான்கு, உள்ளே இரண்டு கால்கள் தொங்கும் பெட்டி. ஐந்து, மேலும் கீழும் கிடைக்கோடுகள், இடையே ஒரு செங்கோடும் ஒரு முழங்கை வளைவும். ஆறு, மேலே ஒரு புள்ளி, அதன்கீழ் ஒரு கிடைக்கோடு, அதன்கீழ் விரிந்த இரண்டு கால்கள். ஏழு, சற்றே ஏறிச்செல்லும் கிடைக்கோட்டை வெட்டி இறங்கி, அடியில் வலப்புறம் திரும்பும் கோடு. எட்டு, ஒன்றையொன்று தொடாமல் விரியும் இரண்டு கோடுகள். ஒன்பது, மேற்பகுதியில் வெட்டிக்கொள்ளும் இரண்டு வளைகோடுகள், அவற்றில் வலப்புறக் கோட்டின் நுனியில் கொக்கி. பத்து, கூட்டல் குறி.

முதலாம் ஆண்டுக்கு மட்டும் பெரும்பாலும் ‘ஒன்று’ என்று எழுதாமல், ‘கன்’ என்ற தனி எழுத்தை இடுவார்கள்: மேலே இரண்டு கிடைக்கோடுகள், கீழே இரண்டு கால்கள், வலக்கால் மட்டும் அடியில் மேல்நோக்கி வளைந்திருக்கும்.

பத்துக்கு முன்னால் உள்ள இலக்கம் பெருக்கும். பின்னால் உள்ள இலக்கம் கூட்டும். இரண்டு, பத்து, மூன்று என்ற வரிசை இருபத்து மூன்று. பத்து, இரண்டு என்பது பன்னிரண்டு. இரண்டு, பத்து என்பது இருபது. திசையைத் தவறாக எடுத்தவர் 12-ஐ 20 என்றும், 13-ஐ 30 என்றும், 23-ஐ 32 என்றும் படித்துவிடுவார். இவை எல்லாமே பார்வைக்குச் சரியான எண்களாக இருப்பதால் சந்தேகமே எழாது. ஒரே ஒரு எச்சரிக்கை மணி உண்டு: ‘ஒன்று, பத்து, இரண்டு’ என்று வந்தால், நீங்கள் எதிர்த்திசையில் படிக்கிறீர்கள். பதினொன்று முதல் பத்தொன்பது வரையுள்ள ஆண்டுகளில் பத்துக்கு முன்னால் ஒன்று எழுதப்படுவதில்லை.

தேய்மானம் சில எண்களை மாற்றிக் காட்டும். ஏழின் அடி வளைவு தேய்ந்தால் பத்தாகத் தெரியும். ஆறின் புள்ளியும் கிடைக்கோடும் தேய்ந்தால் எட்டாகத் தெரியும். மூன்றின் நடுக்கோடு மூன்றிலும் குட்டையானது. அது போனால் இரண்டு என்று நினைக்கத் தோன்றும். இரண்டில் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழக்கத்துக்கு மேல் அகலமாக இருந்தால், விளக்கை இன்னும் சாய்த்து நடுக்கோட்டைத் தேடுங்கள்.

7. ஆங்கில ஆண்டாக மாற்றுதல்

ஆட்சியாண்டோடு கூட்ட வேண்டியவை:

மெய்ஜி: 1867
தைஷோ: 1911
ஷோவா: 1925
ஹெய்செய்: 1988
ரெய்வா: 2018

மெய்ஜி 30 என்றால் 1897. தைஷோ 9 என்றால் 1920. ஷோவா 13 என்றால் 1938. முதலாம் ஆண்டும் 1 என்றே கூட்டப்படுவதால், மெய்ஜிக்கு 1868-ஐக் கூட்டுவது ஓராண்டு தள்ளிவிடும். இந்தப் பிழையைக் கடைக்காரர்களின் சீட்டுகளிலும் காணலாம்.

விடை வந்ததும் எல்லையைச் சரிபாருங்கள். மெய்ஜி 45-ஐயும் தைஷோ 15-ஐயும் ஷோவா 64-ஐயும் தாண்டாது. தைஷோ 23 என்று வந்தால் அந்தக் கை விரித்த மனிதனிடம் ஏமாந்திருக்கிறீர்கள்; 5-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். ஆட்சி மாறிய ஆண்டுகள் இரண்டு பெயர் கொண்டவை: 1912 என்பது மெய்ஜி 45-உம் தைஷோ 1-உம், 1926 என்பது தைஷோ 15-உம் ஷோவா 1-உம். குறிப்பேட்டில் ஆங்கில ஆண்டை மட்டும் எழுதினால் இவற்றைப் பிறகு பிரிக்க முடியாது.

1967 முதல் 50, 100 யென் நாணயங்களிலும், 1982 முதல் 500 யென் நாணயத்திலும் ஆண்டு நாம் பயன்படுத்தும் எண்களிலேயே இருக்கும். படிக்க எளிது, ஏமாறுவதும் எளிது. ஷோவா என்ற எழுத்தோடு 55 என்று இருந்தால் அது 1955 அல்ல, 1980.

8. மதிப்பை ஆண்டிலிருந்து பிரித்து, உலோகத்தால் சரிபார்த்தல்

நாணயத்தில் ஆண்டைத் தவிர வேறு எண்களும் இருக்கும். பழைய செப்பு டிராகன் நாணயங்களில் ‘இத்தனை காசு சேர்ந்தால் ஒரு யென்’ என்னும் பொருளில் ஒரு வாசகம் உண்டு. 2 சென் நாணயத்தில் ஐம்பது, 1 சென்னில் நூறு, அரை சென்னில் இருநூறு. அந்த ஐம்பதை ஆண்டாக எடுத்துக்கொண்டு, நாற்பத்தைந்தோடு முடிந்த மெய்ஜியில் ‘மெய்ஜி 50’ என்று குறிப்பவர்களும் உண்டு. வெள்ளி ஒரு யென் நாணயத்தில் உள்ள 416 அதன் எடை, கிரெயின் என்ற பழைய ஆங்கில எடை அலகின் கணக்கில். 900 வெள்ளியின் தரம். 5 யென் நாணயத்தில் மதிப்பு நம் எண்ணில் எழுதப்படுவதில்லை, ஐந்து என்ற ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும். அதையும் ஆண்டோடு சேர்த்துவிடக் கூடாது. நென் எழுத்தைத் தொட்டு நிற்காத எந்த எண்ணும் ஆண்டல்ல என்ற ஒரே விதி இவை அனைத்துக்கும் போதும்.

யென் என்ற எழுத்து போருக்கு முன் நாற்புறமும் மூடிய பெட்டிக்குள் நெருக்கமான கோடுகளோடு இருந்தது. இன்றைய வடிவம் கீழே திறந்த எளிய சட்டம். சென் என்ற எழுத்தின் இடப்பாதி கூரையோடு கூடிய உலோகக் குறி.

அடுத்து, படித்த ஆண்டையும் உலோகத்தையும் ஒப்பிட வேண்டும். இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள் பலர். என் கணிப்பில் மற்ற எல்லாப் படிகளிலும் நேர்ந்த பிழையைப் பிடித்துத் தருவது இதுதான். 1930-கள், 40-களில் ஜப்பான் சில்லறையின் உலோகத்தை அடிக்கடி மாற்றியதால், உலோகமே ஏறக்குறைய ஆண்டைச் சொல்லிவிடும்.

10 சென்னை எடுத்துக்கொள்வோம். 1920 முதல் 1932 வரை செப்பு-நிக்கல் கலவை, நடுவில் துளை. 1933 முதல் 1937 வரை தூய நிக்கல், துளை உண்டு. 1938 முதல் 1940 வரை அலுமினிய வெண்கலம், துளை உண்டு. 1940 முதல் 1943 வரை அலுமினியம், துளை இல்லை. 1944-இல் வெள்ளீயம், மீண்டும் துளை. 1945, 46-இல் அலுமினியம், துளை இல்லை. இப்போது ஒரு 10 சென் நாணயத்தில் ஷோவா என்றும், கூட்டல் குறியும் இரண்டு கோடுகளும் என்றும் படிக்கிறீர்கள். 12 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். காந்தத்தை அருகே கொண்டு போங்கள். தூய நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒட்டினால், துளையும் இருந்தால், அது ஷோவா 12, அதாவது 1937. ஒட்டாமல், ஒரு கிராம் அளவே எடையோடு, துளையின்றி இருந்தால் ஷோவா 20, அதாவது 1945. எழுத்தில் ஐயம் இருந்தாலும் உலோகத்தில் ஐயம் இல்லை.

1 சென்னில் ஒரே ஆண்டுக்குள் மூன்று வகை உண்டு. ஷோவா 13-இல், 1938-இல், பௌலோனியாச் சின்னம் கொண்ட வெண்கல நாணயமும், காகம் பொறித்த பித்தளை நாணயமும், காகம் பொறித்த அலுமினிய நாணயமும் அச்சாயின. முதல் இரண்டும் 23 மில்லிமீட்டர் அகலமும் 3.75 கிராம் எடையும் கொண்டவை. அலுமினியம் ஒரு கிராமைக்கூட எட்டாது. ஆண்டை மட்டும் எழுதி வைத்தால் எந்த வகை என்று சொல்லவே முடியாது. 1941 முதல் 1943 வரை ஃபூஜி மலை பொறித்த அலுமினியமும், 1944, 45-இல் வெள்ளீயமும் வந்தன.

போருக்குப் பிறகும் இத்தகைய அடையாளங்கள் உண்டு. 10 யென் செப்பு நாணயத்தின் விளிம்பில் வரிப்பற்கள் இருந்தால் அது 1951-க்கும் 1958-க்கும் இடைப்பட்டது. வழுவழுப்பான விளிம்பு 1959 முதல். 50 யென் நாணயம் 1955 முதல் 1958 வரை துளையில்லாமலும், 1959 முதல் துளையோடும் வந்தது. 1966 வரை இரண்டும் தூய நிக்கல், ஆகவே காந்தத்தில் ஒட்டுவதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 100 யென் 1957 முதல் 1966 வரை 60 விழுக்காடு வெள்ளி; 1967 முதல் செப்பு-நிக்கல்.

9. சதுரத் துளை நாணயங்கள்

இவற்றில் நான்கு எழுத்துகள் துளையைச் சுற்றி நிற்கும். படிக்கும் வரிசை மேல், கீழ், வலம், இடம். எழுத்துகளில் உள்ள ஆட்சிக் காலத்தின் பெயர், அந்த வகை நாணயம் எப்போது பிறந்தது என்பதோடு தொடர்புடையது. உங்கள் கையில் இருப்பது எப்போது வார்க்கப்பட்டது என்பதை அது சொல்லாது. கன்-ஏய் ட்சூஹோ என்ற மிகப் பரவலான நாணயம் இதற்குச் சான்று. கன்-ஏய் காலம் 1624 முதல் 1644 வரை. ஆனால் 1636-இல் தொடங்கிய இந்த வார்ப்பு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அதே பெயரோடு நடந்தது. பெயரைப் படித்ததும் 1630-கள் என்று எழுதுவது பெரும்பாலும் தவறாகவே முடியும்.

காலத்தைக் குறுக்க மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, முகப்பில் இடப்புறம் உள்ள எழுத்தின் அடிக்கால்கள். பழைய கன்-ஏய் எனப்படும், 1668-க்கு முந்தைய வகையில் இவை ஒன்றோடொன்று சேர்ந்து கிளைப்பது போலிருக்கும். புதிய கன்-ஏய் வகையில் இரண்டும் தொடாமல் தனித்தனியே விரியும். இரண்டாவது, பின்புறம். துளைக்கு மேலே ‘புன்’ என்ற எழுத்து, ஒரு மூடியின்கீழ் பெருக்கல் குறி போன்றது, இருந்தால் அது 1668-இல் எடோவின் (இன்றைய டோக்கியோ) கமேய்தோவில் தொடங்கிய வார்ப்பு. பின்புறம் அலைகள் இருந்தால் நான்கு மொன் (அக்காலச் செப்புக் காசின் அலகு) மதிப்புள்ளது: 21 அலை என்றால் 1768-இல் தொடங்கிய முதல் வகை, 11 அலை என்றால் 1769-க்குப் பிந்தையது. மூன்றாவது, உலோகம். காந்தத்தில் ஒட்டும் இரும்பு கன்-ஏய் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முடிந்த பிறகே பெருகியது. நான்கு மொன் இரும்பு 1860-இல்தான் வந்தது.

புன்க்யூ ஏய்ஹோ என்ற நாணயமும் 11 அலை கொண்டது, 1863-இல் தொடங்கியது. கன்-ஏயோடு குழப்பாமல் இருக்க ‘ஏய்’ எழுத்தின் இடத்தைப் பாருங்கள். உச்சியில் புள்ளியும் இருபுறமும் பிரியும் கிளைகளும் கொண்ட அந்த எழுத்து கன்-ஏயில் துளைக்குக் கீழே நிற்கும்; புன்க்யூவில் துளைக்கு வலப்புறம் நிற்கும்.

நீள்வட்ட வடிவில், ஏறத்தாழ 49 மில்லிமீட்டர் நீளமும் 20 கிராம் அளவில் எடையும் கொண்டது தென்போ ட்சூஹோ. 1835-இல் தொடங்கியது, பின்புறம் ‘நூறுக்குச் சமம்’ என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு கையொப்பமும் இருக்கும். செவ்வக வெள்ளிக் கட்டிகளான இச்சிபு-கின் ஒவ்வொன்றும் 8.6 கிராம் அளவு எடை கொண்டது. அவற்றில் ஆண்டு இல்லை. போலிகள் மிகுதி, ஆகவே எடை பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

10. ஜப்பானியம் போலத் தோன்றும் பிற நாணயங்கள்

சதுரத் துளை மட்டும் ஜப்பானுக்கு அடையாளமல்ல. சீனாவும் வியட்நாமும் கொரியாவும் அதே வடிவில் வார்த்தன. பின்புறத் துளையின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும், பின்னல் போன்ற மஞ்சு எழுத்து இருந்தால் அது சீனாவின் சிங் வம்சத்தது. சீனாவின் வட சோங் காலத்து வாசகத்தையே பொறித்து, கடல் வணிகத்துக்காக நாகசாக்கியில் 1659 முதல் 1685 வரை வார்த்த நாணயங்களும் உண்டு. அவற்றைச் சோங் நாணயங்களிலிருந்து பிரிப்பது தொடக்கத்தில் முயல வேண்டிய வேலையல்ல.

அச்சடித்தவற்றில் மிக நெருங்கிய தோற்றம் கொரியாவுடையது. 1905-க்குப் பிறகு சில கொரிய நாணயங்கள் ஒசாகாவிலேயே அச்சாயின. டிராகனும் அமைப்பும் ஒன்றே. வேறுபாடு மலரில் இருக்கிறது: ஜப்பானியச் சாமந்திக்குப் பதினாறு இதழ், கொரியப் பிளம் மலருக்கு ஐந்து. கொரிய நாணயத்தின் ஆட்சிப் பெயர் குவாங்மு என்றால் 1896-ஐக் கூட்ட வேண்டும். யுங்ஹி என்றால் 1906-ஐ. வடகிழக்குச் சீனாவில் ஜப்பான் அமைத்த மஞ்சுகோவின் நாணயங்களும் அதே கை விரித்த மனிதனோடு தொடங்கும். அங்கே ததோங் என்ற ஆண்டுப் பெயருக்கு 1931-ஐயும், காங்தே என்பதற்கு 1933-ஐயும் கூட்ட வேண்டும். தைஷோ என்று படித்தது உலோகத்தோடும் வடிவத்தோடும் ஒத்துவராதபோது, இந்த நாடுகளை நினைத்துப் பாருங்கள். சீன மாகாண டிராகன் வெள்ளிகளில் பெரும்பாலும் மாகாணப் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் சிக்கல் குறைவு.

வயாங் எனப்படும் ஜாவா நிழற்கூத்துப் பொம்மையின் உருவத்தோடு 2603, 2604 என்ற எண் கொண்ட நாணயங்கள், போர்க்காலத்தில் ஜப்பான் பிடித்திருந்த டச்சு கிழக்கிந்தியத் தீவுகளுக்காக அச்சானவை. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கு அது. 660-ஐக் கழித்தால் 1943, 1944 கிடைக்கும்.

11. வெள்ளி டிராகன் யென்னைச் சோதித்தல்

ஒரு யென் வெள்ளி நாணயம் அளவுக்குப் போலி செய்யப்பட்ட ஜப்பானிய நாணயம் வேறில்லை என்றே சொல்லலாம். ஆண்டைப் படித்து முடித்த பிறகே இந்தச் சோதனைக்கு வர வேண்டும். ஏனெனில் முதல் சோதனையே ஆண்டுதான். ஒரு யென் நாணயம் மெய்ஜி 31, 32, 33 ஆகிய ஆண்டுகளில் அச்சாகவில்லை. அந்த ஆண்டு வந்தால், ஒன்று திசையைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள், உதாரணமாக 23-ஐ 32 என்று. அல்லது போலியைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

அடுத்து எடை. சரியான எடை 26.96 கிராம், புழங்கித் தேய்ந்ததில் ஒரு கிராமில் பத்தில் சில பங்கு குறையலாம், ஆனால் 24 கிராமுக்கு இறங்காது. அகலம் 1887 முதல் 38.1 மில்லிமீட்டர், அதற்கு முன் சற்றுப் பெரிது. 1875 முதல் 1877 வரை அச்சான வணிக வெள்ளியில் 416-க்குப் பதில் 420 என்றிருக்கும், எடை 27.2 கிராம்.

எடையையும் அகலத்தையும் சரியாகப் பொருத்திய போலிகளைப் பிடிப்பது அடர்த்திச் சோதனை. தராசில் ஒரு குவளை நீரை வைத்துக் காட்டும் அளவைச் சுழியமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை, அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எடை, நாணயம் இடம்பெயர்த்த நீரின் எடை. நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால், 90 விழுக்காடு வெள்ளிக்கு 10.3 அளவில் வர வேண்டும்; அதாவது தராசு 2.62 கிராம் அளவு காட்ட வேண்டும். செப்பு-நிக்கல் போலி 3 கிராமைத் தாண்டிக் காட்டும். நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கெட்டுவிடும். குமிழியைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். காந்தத்தில் ஒட்டாதது மட்டுமே வெள்ளி என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் பித்தளையும் ஒட்டாது.

நாணயத்தில் சிறு வட்டத்துக்குள் ஒரு எழுத்து குத்தப்பட்டிருந்தால் அதைச் சேதம் என்று எண்ண வேண்டாம். 1897-இல் ஜப்பான் தங்க அடிப்படைக்கு மாறியபோது, வெள்ளி என்று பொருள்படும் அந்த முத்திரை இடப்பட்டது. சீன வணிகர்கள் குத்திய சிறு முத்திரைகளும் இந்த நாணயங்களில் இயல்பாகக் காணப்படுபவை. போலிகளிலும் இவற்றைக் குத்துவார்கள் என்பதால், முத்திரை இருப்பதை நம்பி அடர்த்திச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

12. குறித்து வைத்தல்

ஒவ்வொரு நாணயத்துக்கும் படித்த ஆட்சிப் பெயர், ஆட்சியாண்டு, ஆங்கில ஆண்டு, மதிப்பு, உலோகம், எடை, அகலம், துளை, விளிம்பு ஆகியவற்றை எழுதுங்கள். எந்த எழுத்தில் ஐயம் இருந்தது என்பதையும், அதை எதைக் கொண்டு தீர்த்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். காந்தத்தால் தீர்ந்த 12-ஐயும் கண்ணால் மட்டும் தீர்ந்த 12-ஐயும் பிறகு ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படம் எடுக்கும்போது விளக்கை இடப்பக்கம் ஒருமுறை, மேற்பக்கம் ஒருமுறை வைத்து இரண்டு படம் எடுங்கள்: கிடைக்கோடுகள் மேலிருந்து வரும் ஒளியிலும், செங்கோடுகள் பக்கவாட்டு ஒளியிலும் தெளிவாகத் தெரியும். பி.வி.சி. உறைகளில் வைக்க வேண்டாம்; நாளடைவில் அவை செப்பிலும் வெள்ளியிலும் பச்சைப் பிசுக்கை விட்டுவிடும். அலுமினிய, வெள்ளீய நாணயங்கள் மென்மையானவை. ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள்.